ஒன்றும் போடாத கிண்ணத்தில் பொன்

முப்பது வருஷம் தராசின் முன்னால் உட்கார்ந்து எடை எழுதியவன் நான். ஒரு மில்லிகிராமைக் கூட்டியும் எழுதியதில்லை, குறைத்தும் எழுதியதில்லை. அதே கையால்தான் இதையும் எழுதுகிறேன். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்கு இப்போது தெம்பு இல்லை.

நடந்தது மான்ட்ரியாலில். 1972 ஜனவரி 22, சனிக்கிழமை தொடங்கியது.

என் பெயர் தணிகாசலம். கோலார் தங்கவயலில் பிறந்தவன். அங்கே சுரங்கத்தின் சோதனைச்சாலையில் ஒன்பது வருஷம் வேலை. கல்லில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று உருக்கிப் பார்த்துச் சொல்கிற வேலை. அதே வேலைக்குத்தான் 1971 அக்டோபரில் மான்ட்ரியாலுக்கு வந்தேன். லாஷீன் கால்வாய் ஓரத்தில் ஒரு பழைய செங்கல் கட்டடம். அதன் இரண்டாம் மாடியில் எங்கள் சோதனைச்சாலை. மொத்தமே நாலு பேர்.

எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவரும் தமிழர்தான். ஆனந்தகிருஷ்ணன். ஆகஸ்டில் மாரடைப்பில் போய்விட்டார். முப்பத்தாறு வயது. நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன், அவருடைய சுத்தியலைப் பிடித்தேன், அவ்வளவுதான் பழக்கம்.

ஆறு மாதம் தற்காலிக வேலை. ஏப்ரல் முதல் தேதி நிரந்தரம் செய்தால்தான் என் மனைவி சரளாவையும் இரண்டு பெண்களையும் கூப்பிட்டுக்கொள்ள முடியும். பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் ஒரு கிரேக்கர் வீட்டின் நிலவறையில் தங்கியிருந்தேன். காலையில் இருட்டில் கிளம்பி, மாலையில் இருட்டில் திரும்புவேன். பனியில் நடந்து நடந்து கால் விட்டுப்போகும். சாதத்தை வடித்துத் தயிரை ஊற்றித் தின்றுவிட்டு, ஏப்ரல் ஒன்று, ஏப்ரல் ஒன்று என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

முதலாளி பெயர் துபே. கடிதத்தில் அந்தப் பெயரைப் பார்த்து யாரோ வடநாட்டு ஆசாமி என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் அசல் கியூபெக்காரர். சிவந்த முகம், நல்ல மனசு, முன்கோபம்.

அந்த ஜனவரியில் அவர் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தார். 1967இல் எக்ஸ்போ உலகக் கண்காட்சி நடந்த தீவில் கோடைக்கு ஒரு கனிமக் காட்சி வைப்பதாக ஏற்பாடு. அதற்காக அலாஸ்காவிலிருந்து எண்பத்து நாலு பை மண்ணும் கல்லும் வந்திருந்தன. 1968இல் அலாஸ்கா தங்கத்தைத் தன் மாநிலக் கனிமம் என்று சட்டம் போட்டு அறிவித்திருந்தது. மாநிலப் பூ, மாநிலப் பறவை மாதிரி. ஒவ்வொரு பையிலும் ஊர் பெயரும் வருஷமும் எழுதிய சீட்டு. ஜூனோ 1880. நோம் 1899. ஃபேர்பேங்க்ஸ் 1902. எந்த மண்ணில் எவ்வளவு தங்கம் என்று நான் கணக்கிட்டுத் தர வேண்டும்.

"ஜூனோ யார் தெரியுமா? எங்க ஆளு. இங்கேயிருந்து கூப்பிடு தூரத்துல பொறந்தவன்" என்றார் துபே. "அவன் பேர்லதான் அந்த ஊரே இருக்கு. கடைசியில கையில ஒண்ணுமில்லாம வேற எங்கேயோ செத்தான். அப்புறம்தான் உடம்பைக் கொண்டுவந்து அந்த ஊர்லயே புதைச்சாங்க."

எங்கள் கோலாரில் தங்கத்துக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. பூமிக்குள் பாறை வெடிக்கும். மேலே சங்கு ஊதும். யார் வீட்டு ஆள் என்று தெரியாமல் எல்லா வீட்டுப் பெண்களும் ஓடுவார்கள். இதையெல்லாம் துபேயிடம் சொல்லத் தோன்றியது. களைப்பாக இருந்தது, அடுத்த பையை அவிழ்த்தேன்.

எங்கள் வேலை எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் பயந்தேன் என்று புரியாது.

மண்ணைப் பொடித்து, ஈயப் பொடியோடு கலந்து உலையில் உருக்குவோம். மண்ணில் இருக்கிற தங்கமெல்லாம் ஈயத்துக்குள் போய்விடும். அந்த ஈயக் கட்டியைச் சுத்தியலால் தட்டிச் சதுரமாக்கி, ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து மறுபடி உலைக்குள் தள்ளுவோம். கிண்ணத்துக்கு க்யூப்பல் என்று பெயர். எலும்புச் சாம்பலை அச்சில் அழுத்திச் செய்வது. பெரும்பாலும் மாட்டெலும்பு. அந்தச் சாம்பல் ஈயத்தைக் குடித்துவிடும், தங்கத்தைக் குடிக்காது. கடைசிச் சொட்டு ஈயம் தீருகிற நொடியில், கிண்ணத்தின் அடியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு மணி பளிச்சென்று மின்னும். அதை எடுத்து எடை போட வேண்டும்.

தினமும் ஒரு கிண்ணத்துக்கு மட்டும் மண் கிடையாது. வெறும் ஈயம். அதற்கு ப்ளாங்க் என்று சொல்வோம். அதில் கடைசியில் ஒன்றுமே இருக்கக் கூடாது. இருந்தால் நம் கை சுத்தமில்லை என்று அர்த்தம். அன்றைய வேலை முழுவதும் குப்பை.

ஜனவரி மூன்றாம் வாரம் பெரிய பனிப்புயல். வெளியூரிலிருந்து வர வேண்டிய ஆயத்த க்யூப்பல்கள் வரவில்லை. எங்களுக்கு மூத்தவரான சண்முகவேல் அண்ணனும் ஊரில் இல்லை. வால்தோர் பக்கம் ஒரு சுரங்க வேலையாக இரண்டு வாரம் போயிருந்தார். துபே தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு வீம்பு. கோலாரில் நாங்கள் க்யூப்பலைக் கையால் செய்து பழகியவர்கள். நானே செய்கிறேன் என்று சொன்னேன்.

சனிக்கிழமை தனியாகப் போனேன். பின்னறையில் மேல் தட்டில் பழைய எலும்புச் சாம்பல் டின்கள் மூன்று இருந்தன. இரண்டு காலி. மூன்றாவது நிறைய இருந்தது. திறந்தேன். சாம்பல் சரியாக அரைபடவில்லை. பருக்கை பருக்கையாக இருந்தது. சோம்பேறிப் பயல்கள் என்று திட்டிக்கொண்டே இரும்பு உரலில் போட்டு இடித்தேன். சலித்தேன். சல்லடையில் நின்றதை மறுபடி இடித்தேன். முக்கால் டின்னுக்கு நூறு கிண்ணம் வந்தது. வரிசையாக அடுக்கிக் காயவைத்துவிட்டு, ரொம்ப நாளைக்கப்புறம் விசிலடித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

திங்கள், 24. மாலை 4.10. பன்னிரண்டு பை மண், ஒரு ப்ளாங்க்.

ப்ளாங்கில் ஒரு மணி நின்றது.

எடை 0.62 மில்லிகிராம். நல்ல மஞ்சள். சரி, எங்கோ சிந்தியிருக்கும். உலையைத் துடைத்தேன், மேஜையைத் துடைத்தேன்.

செவ்வாய். மறுபடி ஒரு மணி. 0.62.

புதன்கிழமை துபே என் விரலைப் பார்த்தார். கல்யாண மோதிரம். "இதுதான்! இதைக் கழட்டு" என்றார். எட்டு வருஷமாகக் கழற்றாதது. சோப்புப் போட்டு, தோல் உரிய இழுத்துக் கழற்றினேன். வேறு அங்கி. வேறு கையுறை. புது ஈயப் பொடி.

0.62.

வியாழனும் அதேதான். அழுக்கு என்றால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். யாரோ அளந்து வைத்த மாதிரி தினமும் ஒரே எடை வராது. தராசையே மாற்றிப் பார்த்தேன். 0.62.

துபே கத்தவில்லை. "செவ்வாய்க்கிழமை வரைக்கும் பாக்கறேன். ப்ளாங்க் சுத்தமா வரணும். இல்லேன்னா ஏப்ரல் பத்தி நாம பேச வேண்டாம்" என்றார்.

அன்று சரளாவின் கடிதம் வந்திருந்தது. பெண்களுக்குக் குளிர்ச்சட்டை பின்ன ஆரம்பித்துவிட்டாளாம். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டிருந்தாள். நான் பதில் எழுதவில்லை.

வெள்ளி காலை 7.05. பின்னறைக்குப் போனேன். அங்கே சூடு கிடையாது. ஜன்னலெல்லாம் பனி பூத்து வெள்ளையாக இருக்கும். அன்று கிண்ணங்கள் அடுக்கியிருந்த பலகைக்கு நேர் எதிரே மட்டும் கண்ணாடி கலங்கியிருந்தது. குளிர்நாளில் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து மூச்சு விட்டால் ஒரு வட்டம் விழுமே... அந்த மாதிரி. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வட்டம் சுருங்கியது. மறுபடி பெரிதானது.

ஒரு கிண்ணத்தை எடுத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. காய்ச்சல்காரன் நெற்றி போல.

தூக்கம் போதவில்லை, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலையைப் பார்த்தேன். ப்ளாங்க் 0.62.

திங்கள், 31. மாலை 4.35. துபே வங்கிக்குப் போயிருந்தார். உதவிக்கு இருந்த பெண்ணும் போய்விட்டாள். நான் தராசு அறையில். பக்கத்து அறையில் சத்தம்.

டக்... டக்... டக்... டக்.

பட்டறைக்கல்லில் ஈயக் கட்டியைத் தட்டுகிற சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தூக்கத்திலும் தெரியும். எழுந்து போனேன். யாரும் இல்லை. சுத்தியல் கல்லின் மேல் இருந்தது. கைப்பிடி சுடவில்லை. ஆனால் ஈரமாக இருந்தது... வியர்த்த கை பிடித்த மாதிரி.

அன்றும் 0.62.

செவ்வாய். பிப்ரவரி ஒன்று. கடைசி நாள்.

துபே மதியமே சொல்லிவிட்டார், ஆறு மணிக்கு வந்து ப்ளாங்கைத் தானே பார்ப்பதாக. ஐந்து மணிக்கெல்லாம் வெளியே இருட்டு. கட்டடத்தில் நான் மட்டும். உருக்கிய ஈயக் கட்டிகள் பதின்மூன்றும் பட்டறைக்கல் பக்கம் ஆறிக்கொண்டிருந்தன. இன்னும் தட்டவில்லை. கோலார் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். தேங்காய்க்குக்கூடக் கணக்குச் சொன்னேன்.

5.02. ப்ளாங்க் கட்டியை முதலில் தட்டினேன். கிண்ணத்தில் வைத்தேன். அது ஒன்றை மட்டும் உலைக்குள் தள்ளினேன். மற்றவை அப்புறம் ஆகட்டும்.

உலையின் கதவில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் கண்ணை வைத்தேன். சிவப்பு வெளிச்சத்தில் ஒற்றைக் கிண்ணம். ஈயம் உருகிச் சுழன்றது. மெல்ல மெல்லக் குறைந்தது.

5.20. ஈயம் தீரப்போகிறது.

மின்னாதே. மின்னாதே, அப்பா.

பின்னால்...

டக்.

நான் திரும்பவில்லை.

டக். டக். டக்.

ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

கிண்ணத்தின் அடியில் ஒரு புள்ளி. மங்கியது... மங்கியது...

பளிச்.

என் கழுத்தின் பின்புறம் யாரோ மூச்சை விட்டார்கள். பெருமூச்சு. நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவன் உட்காரும்போது விடுகிற மூச்சு. அதில் கோபமே இல்லை. என்னைவிடக் களைத்த மூச்சு அது.

திரும்பினேன்.

ஒருவரும் இல்லை.

பட்டறைக்கல்லின் மேல் பன்னிரண்டு கட்டிகளும் தட்டி முடிந்திருந்தன. நேர் வரிசையில்.

நான் தட்டவில்லை.

5.31. படிக்கட்டில் காலடி. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கதவு திறந்தது. பூட்ஸில் பனியோடு சண்முகவேல் அண்ணன். வால்தோர் பஸ்ஸிலிருந்து நேராக வந்திருந்தார்.

"என்ன தணிகா, ஏன் கீழ உக்காந்திருக்க? உடம்பு சரியில்லையா?"

நான் கல்லைக் காட்டினேன். அவர் குனிந்து ஒரு கட்டியை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கோலார்க்காரர்கள் மூலையைக் கூராக விடுவோம். அந்தக் கட்டிகளில் நாலு மூலையும் மழுக்கியிருந்தது.

"இது யார் தட்டினது?"

"தெரியலண்ணே."

"இது ஆனந்தோட கைடா" என்றார். "மூலையை மழுக்குறது அவன் ஒருத்தன்தான்."

அப்புறம் அவர் கண் உலை வாசலில் இருந்த கிண்ணங்களுக்குப் போனது.

"கடை க்யூப்பல் மாதிரி இல்லையே. எங்க வாங்கின?"

"நானே செஞ்சேன்."

"சாம்பல்?"

"மேல் தட்டு டின்னு."

அவர் பின்னறைக்கு ஓடினார். நான் பின்னால் போனேன். மூன்றாவது டின்னை இறக்கித் திறந்து பார்த்தார். கால்வாசிதான் இருந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய மனிதர், ஐம்பது வயது. அழுதார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். ஆனந்தகிருஷ்ணன் போனபோது மனைவி அம்புஜம் ஐந்து மாதக் கர்ப்பம். டாக்டர் விமானத்தில் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். குழந்தை பிறந்து, மார்ச்சில் ஊருக்குப் போய்க் காவேரியில் கரைப்பதாக முடிவு. அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. நம் ஊர் என்றால் வெளியே மரத்தில் கட்டித் தொங்கவிடுவோம். இங்கே மரம் யாருடையது? பனியில் எங்கே தொங்கவிடுவது? அண்ணன் வீட்டிலும் சின்னக் குழந்தைகள். மலைமேல் தகனசாலையில் கொடுத்த அட்டைப்பெட்டி வேறு நைந்துபோயிருந்தது. இரண்டு வருஷமாக இங்கே யாரும் கையால் க்யூப்பல் செய்வதில்லை. அதனால் அந்தத் தட்டில் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பி, அண்ணன்தான் ஒரு டின்னில் போட்டு அங்கே வைத்திருந்தார்.

நான் இடித்தேன். சல்லடையில் நின்றதை மறுபடி இடித்தேன். பாட்டாக விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அன்று ஆறு மணிக்கு துபேயிடம் சண்முகவேல் அண்ணனே பேசினார். பழைய சாம்பலில் ஏதோ கலந்திருக்கிறது, தணிகாசலம் மேல் தப்பில்லை, கடை க்யூப்பல் வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி செய்யலாம் என்று சொன்னார். துபே முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் கடை க்யூப்பல்கள் வந்தன. கடைசி நாள் தட்டிக் கிடந்த பன்னிரண்டு கட்டிகளையும் முதலில் அவற்றில் உருக்கி எடை எடுத்துக்கொண்டேன். எண்பத்து நாலு பையையும் மறுபடி சோதித்தேன். ப்ளாங்க் தினமும் காலி. எழுபத்தேழு பைகளில் பழைய எடையே வந்தது. ஏழு பைகளில் மட்டும் முன்பைவிடக் கூடுதல். ஒவ்வொன்றிலும் சரியாக 0.62.

தினமும் ஒரு பையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது.

அண்ணனிடம் காட்டினேன். அவர் ஒரு காரணம் சொன்னார். "வாய்க்கரிசி போடும்போது வாயில ஒரு பொட்டுப் பொன் வைப்பாங்கல்ல? அம்புஜம் வச்சிருக்கும். அது சாம்பல்ல இருந்திருக்கும். வேற ஒண்ணுமில்ல. மனசைப் போட்டு உழப்பிக்காத." ஏழு பையின் கணக்கு அந்தக் காரணத்துக்குள் அடங்கவில்லை. ஆனால் எனக்கும் அந்தக் காரணம் வேண்டியிருந்தது. பிடித்துக்கொண்டேன்.

உபயோகித்த கிண்ணங்களைக் குப்பைப் பீப்பாயில் கையை விட்டுப் பொறுக்கினேன். எழுபத்தொன்பதில் எழுபத்தாறுதான் கிடைத்தது. மூன்று எங்கே போயிற்றோ தெரியாது. மிச்சமிருந்த புதுக் கிண்ணங்களையும் சேர்த்து, அதே உரலில் மறுபடி இடித்தேன். இந்தத் தடவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இடித்தேன். டின்னில் போட்டு, ஏழு மணிகளையும் அதிலேயே போட்டு, மூடியைப் பற்றவைத்தேன்.

அம்புஜத்திடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு மாதம் பேசினோம். சொன்னால் அவள் தாங்க மாட்டாள் என்றார் அண்ணன். சொன்னால் என் வேலை போகும் என்று நான் நினைத்தேன். அவர் அவளுக்காக வாயை மூடினார், நான் எனக்காக மூடினேன்.

மார்ச் 5, ஞாயிறு. அவளுக்கு மாலையில் விமானம். பார்க் எக்ஸ்டென்ஷனில் அவள் வீட்டுக்குப் போனோம். டின்னை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் வெளிப்படிக்கட்டிலேயே நின்றோம். அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்தாள். மெலிந்த பெண். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது.

டின்னை இரண்டு கையாலும் வாங்கினாள். கை சட்டென்று கீழே இறங்கியது.

"என்னண்ணா இவ்வளவு கனமா இருக்கு? அவர் ஒல்லிதானே."

ஈயத்தின் கனம் அது. நாங்கள் இருவரும் பனியைப் பார்த்தோம்.

"பெட்டி... டின்னு கெட்டியான டின்னும்மா" என்றார் அண்ணன்.

அவள் டின்னைப் படியில் வைத்துவிட்டு, தலைப்பில் முடிந்திருந்த ஒரு காகிதப் பொட்டலத்தை அவிழ்த்தாள். உள்ளே குந்துமணி அளவுக்குத் தங்கம். வளையலில் வெட்டிய துண்டு.

"இதையும் ஊர்ல அதோட சேத்துக் கரைச்சிடலாமான்னு கேக்கணும்னு இருந்தேண்ணா."

"என்னம்மா இது?"

"வாயில வைக்கணும்னு எடுத்து வச்சது. நான் போறதுக்குள்ள சவப்பெட்டியை மூடிட்டாங்க. திறக்க முடியாதுன்னுட்டாங்க. அது ஒண்ணுதான் அவருக்குச் செய்யாம விட்டுப்போச்சு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் படிக்கட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தினம் கனவுல வருவார்ணா" என்றாள். "ஒரு வார்த்தை பேச மாட்டார். என் முன்னால நின்னு வாயைத் திறந்து காட்டுவார். குழந்தை மாதிரி. ஆகஸ்ட்லேர்ந்து தினம். நான் தூங்கறதையே விட்டுட்டேன்."

"இப்பவும் வர்றாரா?" என்று கேட்டேன்.

"இல்ல. பிப்ரவரி ஒண்ணாம் தேதி ராத்திரிதான் கடைசி. பாப்பாவுக்கு முதல் ஊசி போட்ட நாள், அதான் ஞாபகம் இருக்கு. அப்புறம் வரவே இல்ல."

"கடைசியா வந்தப்போ...?"

உள்ளே குழந்தையின் அழுகை நின்றிருந்தது.

"வாயை மூடிண்டு இருந்தார்" என்றாள். "உள்ள எதையோ அடக்கி வச்சிண்டிருக்கற மாதிரி."